வளர்ச்சி ஹார்மோன் ஊசி: முட்டை கூடலாம், குழந்தை கூடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தையின்மை சிகிச்சை விளம்பரங்களிலும் மருத்துவக் கேள்வி பதில் பகுதிகளிலும் 'முட்டையின் தரத்தைக் கூட்டும் ஊசி' என்ற சொற்றொடர் இப்போது சகஜமாகிவிட்டது. பெரும்பாலும் அது வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத்தான் குறிக்கிறது. உயரம் வளராத பிள்ளைகளுக்குப் போடும் அதே மருந்துதான். ஐவிஎஃப் எனும் சோதனைக் குழாய் சிகிச்சையில் இரண்டு மூன்று முட்டைக்கு மேல் வராத பெண்களுக்கு இதைக் கூடுதலாக எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும், வீட்டில் அதைக் கலக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது என்பதையும் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. உங்கள் வாசகர்களில் பலர் நகையை அடகு வைத்து இந்தச் சிகிச்சைக்கு வருபவர்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

வளர்ச்சி ஹார்மோன் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் உருவாகிறது. நாள் முழுக்க ஒரே சீராகச் சுரக்காது. விட்டுவிட்டு, அலை அலையாக வரும். பெரிய அலை வருவது ஆழ்ந்த தூக்கத்தில். இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய் அங்கே ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது. உயரம் வளர்வதில் பெரும்பங்கு இந்த ஐஜிஎஃப்-1 வழியாகத்தான் நடக்கிறது. சினைப்பையிலும் இந்த இரண்டுக்கும் வேலை உண்டு. முட்டையைச் சுற்றி அடைகாப்பது போல இருக்கும் கிரானுலோசா செல்களிலும், முட்டையிலேயேகூட, வளர்ச்சி ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஐவிஎஃப்பில் முட்டைகளை வளர்க்கத் தினமும் போடும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் ஊசிக்கு அந்தச் செல்கள் இன்னும் கூர்மையாகச் செவிசாய்க்கும்படி இது செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையும் தூண்டுகிறது. சுருக்கமாக, வண்டியை ஓட்டுவது எஃப்எஸ்ஹெச். பின்னால் நின்று தள்ளிவிடும் கை, வளர்ச்சி ஹார்மோன்.

தள்ளும் கை இல்லாவிட்டாலும் வண்டி ஓடும் என்பதற்கு இயற்கையே சாட்சி வைத்திருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்வி லாரோன் 1966-ல் விவரித்த லாரோன் நோயில், வளர்ச்சி ஹார்மோன் சுரந்தாலும் அதைப் பிடிக்கும் ஏற்பி வேலை செய்யாது. ஈக்வடார் நாட்டின் லோஹா மாகாணத்தில் இந்த நோய் உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மிகக் குள்ளமாக இருப்பார்கள், பூப்பெய்துவது தாமதமாகும். ஆனாலும் அந்தப் பெண்கள் கருத்தரித்துப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். மறுபக்கம், இந்த ஹார்மோன் கட்டுக்கடங்காமல் சுரக்கும் அக்ரோமெகாலியில் பல பெண்களுக்கு மாதவிலக்கு தவறி, கருத்தரிப்பதே சிக்கலாகிறது. ஆகவே கூடக்கூட நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

இதைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குக் கொண்டுவந்த முதல் அறிக்கைகள் 1988-ல் லண்டனிலிருந்து வந்தன. அப்போது பலன் தெளிவாகத் தெரிந்தது பிட்யூட்டரியே சரியாக வேலை செய்யாத பெண்களிடம். இதை நம் ஊரில் மறந்துவிடக்கூடாது. பிரசவத்தில் கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு ஏற்பட்டு, பிட்யூட்டரிக்கு இரத்தம் போகாமல் அது பழுதாகிவிடும் ஷீஹான் நோய் நம் நாட்டில் இன்றும் இருக்கிறது. முதல் குழந்தைக்குப் பால் சுரக்கவில்லை, அதற்குப் பிறகு மாதவிலக்கு திரும்பவே இல்லை, எப்போதும் சோர்வு, குளிர் தாங்கவில்லை என்று ஒரு பெண் சொன்னால், இரண்டாவது குழந்தைக்கான சிகிச்சையை ஸ்கேன் அறையில் தொடங்காமல் பிட்யூட்டரிப் பரிசோதனையில் தொடங்க வேண்டும். அங்கேயும் வரிசை முக்கியம். முதலில் அட்ரீனல் சுரப்பி தரும் கார்டிசால் ஹார்மோனின் குறையைச் சரிசெய்ய வேண்டும், அதன்பின் தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் அதற்குப் பிறகுதான். வரிசையை மாற்றினால் ஆபத்து. தைராய்டு மாத்திரையும் சரி, வளர்ச்சி ஹார்மோனும் சரி, உடலில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் குறைத்துவிட்டு, மறைந்திருக்கும் அட்ரீனல் பற்றாக்குறையை வெளியே இழுத்துவிடும். வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் சரிவு என்று அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிவரும்.

இப்படிப்பட்ட பெண்கள் மிகச் சிலர். இன்று ஊசி எழுதப்படுவது பெரும்பாலும் பிட்யூட்டரி நன்றாக இருந்து, சினைப்பையில் முட்டை இருப்பு மட்டும் குறைந்துவிட்ட பெண்களுக்கு. 'பூவர் ரெஸ்பாண்டர்', அதாவது மருந்து போட்டும் முட்டை குறைவாக வருபவர், என்ற வார்த்தையைக் கோப்பில் பார்த்திருப்பார்கள். அதற்கு 2011-ல் இத்தாலியின் போலோனியா நகரில் ஒரு வரையறை வகுத்தார்கள். வயது 40 அல்லது அதற்கு மேல், அல்லது முட்டை குறைவதற்கான வேறு காரணம். வழக்கமான அளவு மருந்து போட்டும் முந்தைய தடவை 3 அல்லது அதற்குக் குறைவான முட்டை. முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் இரத்தப் பரிசோதனை அளவோ, ஸ்கேனில் எண்ணும் சிறு ஃபாலிக்கிள்களின் (முட்டை வளரும் நீர்ப்பைகள்) எண்ணிக்கையோ குறைவு. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஏஎம்ஹெச் ஒன்று மட்டும் குறைந்ததால் ஒருவர் இந்த வகையில் வந்துவிடமாட்டார். போகிற போக்கில் ஒன்று: ஏஎம்ஹெச் அறிக்கையில் அலகைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது ஒரு லிட்டருக்குச் சுமார் 7 பிக்கோமோல். ஆய்வகம் மாறி அலகும் மாறியதை அறியாமல் 'ஏறிவிட்டது' என்று மகிழ்பவர்களும் 'இறங்கிவிட்டது' என்று உடைந்துபோகிறவர்களும் உண்டு.

முதல் தடவை முட்டை குறைந்ததற்குக் காரணம் சினைப்பையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வளர்ச்சி ஹார்மோனை நோக்கிக் கை நீட்டும் முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. எஃப்எஸ்ஹெச் ஊசி முழு அளவில் உள்ளே போனதா, பேனாவில் காற்று அடைத்திருந்ததா, குளிர்ச்சி இல்லாமல் கிடந்த மருந்தா? முட்டை எடுப்பதற்கு 34 முதல் 36 மணி நேரம் முன்பு, முட்டையை முதிரவைக்கப் போட வேண்டிய ட்ரிகர் ஊசி சொன்ன நேரத்தில் போடப்பட்டதா? ஸ்கேனில் எட்டு ஃபாலிக்கிள் தெரிந்து, எடுக்கும்போது முட்டையே வராமல் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ட்ரிகரைத்தான். ட்ரிகராக ஹெச்சிஜி என்ற ஹார்மோன் ஊசி போட்டவரென்றால் அன்றைய இரத்தத்தில் ஹெச்சிஜி அளவைப் பார்த்தாலே மருந்து உள்ளே போனதா இல்லையா என்பது தெரிந்துவிடும். சினைப்பையில் வரும் சாக்லேட் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, இடுப்புப் பகுதியில் காசநோய் வந்ததுண்டா என்பதையும் கேட்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் அடுத்த தடவைக்குப் புதிதாக ஒரு ஊசியைச் சேர்ப்பது, குழாய் அடைத்திருக்கும்போது இன்னொரு மோட்டார் வாங்கி வைப்பது போல.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021-ல் வெளியிட்ட மறுஆய்வு 16 சோதனைகளை, 1,352 பெண்களின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. முட்டை குறைவாக வரும் பெண்களுக்கு, சராசரியாக ஒன்று, ஒன்றரை முட்டை கூடுதலாகக் கிடைக்கிறது. உயிரோடு பிறக்கும் குழந்தை என்று வரும்போது, ஊசி இல்லாமல் 100-க்கு 15 பேருக்குக் கிடைக்கிறது என்றால், ஊசியோடு அது 17 முதல் 31 வரை எங்கேயும் இருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆதாரத்துக்கு அவர்களே கொடுத்த தரம் 'மிகக் குறைவு'. பல சோதனைகள் சிறியவை. எந்தப் பெண்ணுக்கு எந்தச் சிகிச்சை என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்தவை பல. மருந்தில்லாத வெற்று ஊசியோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று மறைத்து ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த லைட் சோதனை 2019-ல் வெளிவந்தது. 130 பெண்கள், தினம் 12 யூனிட். குழந்தை பிறந்தது ஊசி போட்டவர்களில் 14.5 சதவீதம், வெற்று ஊசியில் 13.7 சதவீதம். போதிய பெண்கள் சேராததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்ட சோதனை அது. எனவே கடைசி வார்த்தை என்று அதையும் சொல்ல முடியாது. எகிப்தில் 240 பெண்களிடம் நடந்த சோதனையிலும் இதே கதை: முட்டை கூடியது, கரு கூடியது, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே தன் 2019 வழிகாட்டலில், முட்டை குறைவாக வருபவர்களுக்கு இதைப் 'பெரும்பாலும் பரிந்துரைக்கவில்லை' என்ற வகையில் வைத்தது.

முட்டை கூடியும் குழந்தை ஏன் கூடவில்லை? ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. குரோமோசோம்களை ஜோடியாகக் கட்டிவைக்கும் புரதக் கயிறுகளும் அப்போதே கட்டப்பட்டவை. 40 வயதில் முதிரும் முட்டையில் அந்தக் கயிறும் 40 வயதுக் கயிறு. அது இற்றுப்போய், குரோமோசோம்கள் தப்பாகப் பிரிவதுதான் வயதான முட்டையின் தலையாய கோளாறு. 40-ஐத் தாண்டியவர்களின் கருக்களில் பாதிக்கு மேல் இப்படிப் பிழையானவை. கயிறு கட்டுவது வளர்ச்சி ஹார்மோனின் வேலை இல்லை. முட்டைக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அது தெம்பு தரக்கூடும் என்று ஆய்வக அளவில் சில தடயங்கள் உண்டு. அவ்வளவுதான். அதை வைத்து 'முட்டையை இளமையாக்கும்' என்று விளம்பரம் போடுவது நியாயமில்லை. நான்கில் ஒரு முட்டைதான் தேறும் என்ற வயதில் கூடுதலாக ஒரு முட்டை கிடைப்பதற்கு மதிப்பு இல்லாமலில்லை. ஆனால் அது ஒரு முட்டையின் மதிப்புதான்.

இனி அளவு. இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள். ஆளுக்கு ஆள், மையத்துக்கு மையம் முறை மாறும். எஃப்எஸ்ஹெச் தொடங்கும் நாளிலிருந்து முட்டை எடுக்கும் வரை தினம் 4 யூனிட் என்று ஒரு முறை. முந்தைய சுழற்சியின் 21-ம் நாளிலிருந்தே 7.5 அல்லது 12 யூனிட் என்று இன்னொன்று; ஆறு வாரம் முன்பிருந்தே சிறிய அளவு என்று மூன்றாவது. முன்கூட்டியே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நிலையிலிருந்து ஒரு ஃபாலிக்கிள் வெடிக்கும் அளவுக்கு வளர ஏறக்குறைய 85 நாள் ஆகும். ஸ்கேனில் நாம் பார்ப்பது கடைசி இரண்டு வாரத்தை மட்டும். கடைசி ஐந்து நாள் மட்டும் ஊசி போட்டால், பயிர் முற்றிய பிறகு உரம் போட்ட மாதிரி ஆகும் என்பது வாதம். வாதம் சரியாகப் படுகிறது. நீண்ட நாள் போட்டால் குழந்தை கூடும் என்று உறுதியாக நிரூபணமாகவில்லை. முந்தைய சுழற்சியில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ கருத்தடை மாத்திரையோ கொடுத்து, கூடவே வளர்ச்சி ஹார்மோனும் போடும் மையங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் ஐஜிஎஃப்-1 உற்பத்தியை அமுக்கும். ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுப்பது போல.

1 மில்லிகிராம் என்பது 3 யூனிட். சீட்டில் வெறுமனே '4' என்று எழுதியிருந்தால், அது 4 யூனிட்டா, 12 யூனிட்டுக்குச் சமமான 4 மில்லிகிராமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மடங்கு வித்தியாசம். பிட்யூட்டரி குறைபாடுள்ள பெரியவர்களுக்கு நாங்கள் தொடங்குவது ஒரு நாளைக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம்தான். 4 மில்லிகிராம் என்பது எவ்வளவு பெரிய அளவு என்பது இதிலிருந்து புரியும். செலவுக் கணக்கும் இதிலேயே இருக்கிறது. தினம் 12 யூனிட் வீதம் 10 நாளுக்கு 120 யூனிட். 4 யூனிட் குப்பியாக வாங்கினால் 30 குப்பி. தினம் 4 யூனிட் வீதம் ஆறு வாரத்துக்கு 42 குப்பி. முன்பணம் கட்டும் முன் குப்பிக் கணக்கைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கலக்கும் விதம். 4 யூனிட் குப்பியில் வெள்ளைப் பொடி அடியில் ஒட்டியிருக்கும். கூட வரும் நீரை, பெரும்பாலும் 1 மில்லிலிட்டர் (மில்லி), குப்பியின் சுவரில் வழியவிட்டு மெல்ல இறக்க வேண்டும். பொடியின் மேல் பீய்ச்சக்கூடாது. குலுக்கவே கூடாது. இது புரதம், நுரை வந்தால் மடிப்பு குலைந்து வேலை செய்யாமல் போகும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, திரி உருட்டுவது போல உருட்டினால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். கலங்கலாகவோ துணுக்குகளோடோ இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான், விலையைப் பார்க்கக்கூடாது.

பெரிய தப்பு இதற்குப் பிறகு நடக்கிறது. மருந்துக் கடையில் இன்சுலின் சிரிஞ்ச் கொடுப்பார்கள். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 1 மில்லிக்கு 100 கோடு. சிவப்பு மூடியில் 40 கோடு. அந்தக் கோடுகள் இன்சுலின் யூனிட்டுக்கானவை. வளர்ச்சி ஹார்மோனுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. 4 யூனிட் என்று சொன்னார்களே என்று ஆரஞ்சு சிரிஞ்சில் 4-ம் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 0.04 மில்லி, அதாவது 0.16 யூனிட். சிவப்பு மூடியில் 4-ம் கோடு என்றால் 0.4 யூனிட். மிச்ச மருந்து குப்பியிலேயே கிடக்க, முழு மாதமும் ஊசி போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். 4 யூனிட்டை 1 மில்லியில் கலந்திருந்தால் மொத்தத்தையும் போட வேண்டும். எனவே செவிலியரிடம் 'எத்தனை யூனிட்' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'எத்தனை மில்லி, இந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை' என்று கேட்டு, கோட்டில் பேனாவால் குறி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேனா வடிவில் வருவதற்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு குழப்பம், அருகருகே இருக்கும் குப்பிகள். முட்டை வளரப் போடும் ஹெச்எம்ஜி மருந்தும் பொடியாகவே வரும். அதில் இரண்டு மூன்று குப்பிப் பொடியை ஒரே மில்லி நீரில் கரைத்துப் போடுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் வளர்ச்சி ஹார்மோனையும் அதே சிரிஞ்சில் கலந்துவிடுகிறார்கள். கூடாது. தனி நீர், தனி ஊசி. தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, தினம் இடம் மாற்றித் தோலுக்கடியில் போட வேண்டும். உடலின் தாளத்தையொட்டி இரவில் போடுவது நல்லது. குப்பிகளை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜின் கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறையும். உறைந்த மருந்து உருகினாலும் பயனில்லை. நடுத்தட்டில், பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கலந்த பிறகு எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது கூட வரும் நீரைப் பொறுத்தது. கிருமி தடுப்புப் பொருள் சேர்த்த நீரென்றால் சில நாள் தாங்கும். வெறும் நீரென்றால் மிச்சம் வைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் தாளைப் படித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் சொல்லியே ஆக வேண்டியது சர்க்கரை. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். எல்லைக்கோட்டில் இருப்பவர் கோட்டைத் தாண்டிவிடலாம். தொடங்கும் முன் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் பார்த்து, ஒரு வாரம் கழித்துச் சர்க்கரையை மறுபடி பார்க்க வேண்டும். கரு உருவாகி வளரும் முதல் வாரங்களில் தாயின் சர்க்கரை கூடியிருப்பது குழந்தைக்குக் கெடுதல். அதைச் செய்துகொண்டு முட்டையின் தரத்தைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. கால் வீக்கம், மூட்டு வலி, இரவில் விரல் மரத்துப்போவது ஆகியவை உடலில் நீர் தங்குவதால் வருபவை. அளவைக் குறைத்தால் போய்விடும். பார்வை மங்கலோடு கடும் தலைவலி வந்தால் அன்றைய ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், சர்க்கரையால் விழித்திரையில் புது இரத்தக்குழாய் முளைத்தவர்களுக்கும் இந்த ஊசியே கூடாது. நீர்க்கட்டிச் சினைப்பை இருந்து ஸ்கேனில் இருபது ஃபாலிக்கிள் தெரியும் பெண்ணுக்கு முட்டையைக் கூட்ட இதைப் போட வேண்டிய தேவையும் இல்லை.

இந்த ஊசி பிணத்திலிருந்து எடுப்பதாமே என்ற பயத்துக்கும் ஒரு பதில். 1985 வரை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுத்தார்கள். அதன் வழியாக மூளையை அழிக்கும் சிஜேடி நோய் பரவியது தெரிந்ததும் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்தது வந்துவிட்டது. இன்று கடையில் கிடைப்பது அந்த வகைதான்.

குழந்தையின்மைக்கு என்று அனுமதி பெற்ற மருந்து இல்லை இது. மருத்துவரின் சொந்த முடிவில் எழுதப்படுவது. அப்படி எழுத மருத்துவருக்கு உரிமை உண்டு. அதைத் தம்பதிக்குச் சொல்லும் கடமையும் உண்டு. சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, சாதக பாதகம், செலவு, பக்கவிளைவு ஆகியவற்றைத் தம்பதிக்கு விளக்க வேண்டும் என்று 2021-ன் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. ஒப்புதல் படிவத்தில் 'கூடுதல் மருந்துகள்' என்று ஒற்றை வரியில் இதை அடக்கிவிடுவது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு ஒவ்வாது. உங்கள் நாளிதழின் விளம்பரப் பிரிவும் 'தரம் கூட்டும்', 'இளமையாக்கும்' போன்ற சொற்களோடு வரும் விளம்பரங்களை ஏற்கும் முன், பிறந்த குழந்தைகளின் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

இப்படிக்கு,
குழந்தையின்மை சிகிச்சையிலும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்திலும் பணிபுரியும் மருத்துவர்கள்,
மதுரை